மரத்தில் இருக்கும் பழத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) விலை இறங்கியதும், மரத்தை விலை பேசிய வியாபாரிகள் காயைப் பறிக்காமலேயே விட்டுவிட்டார்கள், எழுத்து எதுவும் இல்லாததால் தோட்டக்காரர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கீழ்ப்பழனி மலையைப் பற்றி உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. செய்தியின் முதல் பாதி சரி. இரண்டாவது பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். எழுத்து இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. எங்கள் மலையில் எல்லோரும் அப்படி நம்புகிறார்கள். வியாபாரிகளுக்கும் அந்த நம்பிக்கை வசதியாக இருக்கிறது.

எனக்குத் தாண்டிக்குடிப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு. காப்பிக்கு நிழலாக இருக்கட்டும் என்று தாத்தா வைத்த பட்டர் ஃப்ரூட் மரங்கள்தான் இப்போது வீட்டுச் செலவைத் தாங்குகின்றன. பி.காம். முடித்துவிட்டு வத்தலக்குண்டில் ஒரு கமிஷன் மண்டியில் சில வருடம் கணக்கு எழுதினேன். இப்போது மூன்று வருட எல்எல்.பி.யில் முதலாண்டு. விடுதியில் என் அறையில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒப்பந்தச் சட்டம்தான் இருப்பதிலேயே கசப்பான பாடம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது. மண்டியில் சிட்டை எழுதிய காலத்தில் கண்ணால் பார்த்த சண்டைகளுக்கெல்லாம் அங்கே பிரிவு எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தச் சட்டம் என்றதும் முதலில் இங்கிலாந்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். புகை உருண்டை என்று ஒரு மருந்து விற்ற கம்பெனி. அதைச் சொன்னபடி உபயோகித்தும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், எங்கள் பேச்சில் சந்தேகம் இருந்தால் பாருங்கள், 1,000 பவுண்டை வங்கியில் போட்டு வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். கார்லில் என்ற அம்மாள் வாங்கி உபயோகித்தார், காய்ச்சலும் வந்தது. பணம் கேட்டால், அது சும்மா விளம்பரம்தானே என்று நழுவப் பார்த்தார்கள். 1892இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அப்புறம் நம் நாட்டுக்கு வந்தால் 1913ஆம் வருடத்து அலகாபாத் வழக்கு. வீட்டை விட்டு ஓடிப்போன பையனைத் தேட, முதலாளி தன் கணக்குப்பிள்ளை லால்மன் சுக்லாவை ஹரித்வாருக்கு அனுப்புகிறார். அவர் போன பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் என்று இங்கே நோட்டீஸ் அடித்துவிடுகிறார். கணக்குப்பிள்ளை பையனைக் கண்டுபிடித்தார். ஆனால் கண்டுபிடித்தபோது நோட்டீஸ் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை ஏற்றுக்கொண்டதாக எப்படிச் சொல்ல முடியும் என்று அவருக்கு 501 ரூபாய் கிடைக்காமல் போனது. நானும் கணக்கு எழுதியவள் என்பதாலோ என்னவோ, அந்த மனிதருக்காக எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தேர்வில் மட்டும் தீர்ப்பு சரி என்று எழுதிவைத்தேன்.

இப்படி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனபோது ஒன்று கண்ணில் பட்டது. விளம்பரம், நோட்டீஸ், தந்தி, போன், வாய்ப்பேச்சு என்று வழக்குகள் போகின்றன. முத்திரைத்தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காரணம் 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. தகுதியுள்ளவர்கள், தாங்களாகவே சம்மதித்து, சட்டத்துக்குப் புறம்பில்லாத மறுபயனுக்காகவும் நோக்கத்துக்காகவும் செய்துகொள்ளும் உடன்பாடு எல்லாம் ஒப்பந்தம்தான் என்கிறது அது. தகுதி என்றால் பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும். மறுபயன் என்றால் ஒருவர் கொடுப்பதற்குப் பதிலாக இன்னொருவர் கொடுப்பது. நம் விஷயத்தில் காய்க்குப் பணம், பணத்துக்குக் காய். எழுத வேண்டும் என்றோ, இரண்டு சாட்சி வேண்டும் என்றோ அந்தப் பத்தியில் ஒரு சொல் கிடையாது. வேறு ஏதாவது சட்டம் எழுத்தோ பதிவோ கேட்டால் அதன்படி செய்ய வேண்டும் என்று மட்டும் அடுத்த பத்தியில் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் வேறு சட்டம் கேட்கிறதா? நிலத்தை விற்கக் கேட்கிறது, எல்லோருக்கும் தெரியும். மரம் நிலத்தில்தானே நிற்கிறது, அதனால் காய்க்கும் பத்திரம் வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் அசையும் சொத்து எது என்று சொல்லும்போது, மரத்தின் மேல் இருக்கும் பழத்தையும் மரத்துக்குள் இருக்கும் சாற்றையும்கூடச் சேர்த்துத்தான் சொல்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு அதிகாரி கள்ளையும் பதநீரையும் நினைத்து அந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பொருள் விற்பனைச் சட்டமும் வெட்டி எடுப்பதாகப் பேசிய விளைச்சலைப் பொருள் என்றே சொல்கிறது. ஆக, இந்தப் பருவத்துக் காயை மட்டும் விலை பேசினால் அது மூட்டை விற்பது போலத்தான். பதிவும் வேண்டாம். 1899ஆம் வருடத்து முத்திரைச் சட்டம், பொருள் விற்பனைக்கு மட்டுமான உடன்படிக்கைக்கு முத்திரைத் தீர்வையில் விலக்கே கொடுத்திருக்கிறது. தோட்டத்தையே இரண்டு மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு விட்டால் கதை வேறு. அதற்குப் பதிவு வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சமவெளியில் இருந்து படிப்பவர்களுக்கு மரம் விலை பேசுவது எப்படி என்று தெரிந்திருக்காது. காய் பிடித்துச் சுண்டைக்காய் அளவைத் தாண்டியதும் வியாபாரி வருவார். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். நன்றாகக் காய்த்த ஒரு கிளையை மட்டும் எண்ணுவார், சுமாரான ஒரு கிளையை எண்ணுவார், பாதியாக்கிக் கிளை எண்ணிக்கையால் பெருக்குவார். கணக்கு சிகரெட் அட்டையின் பின்பக்கம் ஏறும். அணில், குரங்கு, காற்று என்று மூன்றுக்கும் ஒரு பங்கு கழிப்பார். பிறகு பேச்சு.

“அண்ணே, எல்லா மரமும் சேத்து என்ன சொல்றீங்க?”

“நீங்கதான் தம்பி சொல்லணும். யாவாரம் உங்களுக்குத்தான தெரியும்.”

“அறுவது.”

“போன வருசமே அறுவத்தஞ்சுக்குப் போச்சு.”

“சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அறுவத்திரண்டு.”

அப்பா தலையை ஆட்டுவார். வெற்றிலையின் மேல் அச்சாரத்தை வைத்து வியாபாரி நீட்டுவார், அப்பா வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். இதில் ஒப்பந்தம் எந்த இடத்தில் பிறந்தது என்று வகுப்பில் கேட்டால் இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். அறுபது என்பது முன்மொழிவு. அறுபத்தைந்து பேச்சை எடுத்ததும் அந்த அறுபது செத்துப்போனது, இனி அதைப் பிடித்துத் தொங்க முடியாது. அறுபத்திரண்டு புது முன்மொழிவு. தலையாட்டல்தான் ஏற்பு. அச்சாரம் கை மாறியது அதற்குச் சாட்சி.

ஆனால் விலையைச் சொன்ன உடனேயே பேச்சு முடிந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. போனில் வியாபாரி கடைசி விலை என்ன என்று கேட்பார், இவர் ஐம்பது என்பார், சரி எடுத்துக்கிறேன் என்று வியாபாரி வைத்துவிடுவார். மறுநாள் வேறொருவர் ஐம்பத்தைந்துக்கு வந்தால் ஊரே இரண்டுபடும். இதே மாதிரி ஜமைக்காவில் ஒரு நிலத்துக்குச் சண்டை நடந்திருக்கிறது. விற்பீர்களா, குறைந்த விலை என்ன என்று ஒருவர் தந்தி அடித்தார். குறைந்த விலை 900 பவுண்டு என்று மட்டும் பதில் தந்தி வந்தது. எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் திருப்பி அடித்தார். 1893இல், பிரிட்டிஷ் காலனிகளுக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், விலை கேட்டதற்கு விலை சொன்னார், விற்கிறேன் என்று எங்கே சொன்னார் என்று கேட்டுத் தள்ளுபடி செய்துவிட்டது. அதனால் போனில் பேசும்போது, இந்த விலைக்குத் தருகிறேன், எடுத்துக்கிறீங்களா என்று முழுசாகக் கேட்டுவிட வேண்டும். தரகர்களுக்கு இது பழக்கம், நமக்குத்தான் இல்லை.

போன் என்றதும் இன்னொன்று. எங்கள் மலையில் சிக்னல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாறை வளைவில் இரண்டு கோடு, மங்களம்கொம்பு தாண்டினால் அதுவும் போய்விடும். அறுபத்திரண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் ஹலோ, ஹலோ என்று கட்டாகிவிடும். கேட்டதா, கேட்கவில்லையா, பேச்சு முடிந்ததா? 1872இல் சட்டம் எழுதியபோது டெலிபோனே கிடையாது. 4ஆம் பிரிவு கடிதத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன்படி ஏற்புக் கடிதம் தபாலில் விழுந்ததுமே முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். போனுக்கும் அதே விதியா என்ற கேள்விக்கு 1965இல் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரம். அகமதாபாத்தில் ஒருவர், மகாராஷ்டிரத்துக் காம்காவில் இன்னொருவர், பேச்சு முழுக்க டெலிபோனில். ஏற்பு எங்கே காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் பிறந்தது, ஆகவே அகமதாபாத்திலேயே வழக்குப் போடலாம் என்று பெரும்பான்மை சொன்னது. நீதிபதி ஹிதாயதுல்லா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டத்தின் சொல் சொல்லாகவே இருக்க வேண்டும், போன் வந்துவிட்டது என்பதற்காக நாம் மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி. வாதத்தில் அவர் பலசாலி என்பது என் எண்ணம். ஆனால் மலைக்காரர்களுக்கு உதவுவது மற்றவர்கள் சொன்னதுதான். இங்கே தோட்டத்தில் நின்று நாம் விலை சொல்லி, கீழே இருக்கும் வியாபாரியின் சரி என்ற சொல் நம் காதில் விழுந்தால், ஒப்பந்தம் பிறந்த இடம் நம் தோட்டம். வழக்கென்று வந்தால் கொடைக்கானலிலேயே போடலாம், அவர் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். அந்தச் சரி பாதியில் கட்டாகிவிட்டால் திருப்பி அழைத்து முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1955இல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் இதையேதான் சொன்னார்: போன் செத்துப்போய்ப் பதில் காதில் விழவில்லை என்றால் ஒப்பந்தமும் இல்லை.

இனி அச்சாரம். எங்கள் ஊரில் பெரிய மூடநம்பிக்கை இதில்தான் இருக்கிறது. வியாபாரி வராவிட்டால் அச்சாரம் நமக்கு, அதோடு கணக்கு தீர்ந்தது. தோட்டக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும், அதோடும் கணக்கு தீர்ந்தது. இரண்டுமே தப்பு. ஒப்பந்தத்தை மீறியவர், அதனால் இயல்பாக வரும் நட்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்பது 73ஆம் பிரிவு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 60,000க்குப் பேசி 5,000 அச்சாரம் வாங்கினோம். வியாபாரி வரவில்லை. காய் முற்றி உதிர ஆரம்பித்ததும் நாமே ஆள் விட்டுப் பறித்து மண்டிக்கு அனுப்பியதில், கூலியும் லாரி வாடகையும் போக 35,000 நின்றது. நட்டம் 25,000. அச்சாரத்தைக் கழித்தால் இன்னும் 20,000 அவர் தர வேண்டும். ஆனால் கோபத்தில் காயை மரத்திலேயே அழுகவிட்டு முழு 60,000 கேட்டால் கிடைக்காது. நட்டத்தைக் குறைக்க நம்மால் முடிந்ததைச் செய்தோமா என்று பார்க்க வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அந்தப் பணம் வராததால் பிள்ளைக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை, வட்டிக்கு வாங்கினேன் என்பதையெல்லாம் சேர்க்க முடியாது. பேசும்போதே வியாபாரிக்குத் தெரியாத நட்டம் அவர் தலையில் விழாது.

கட்டிய பணத்தை அப்படியே விழுங்கிவிடலாமா என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட மௌலா பக்ஷ் என்ற ஒப்பந்ததாரர் ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை. அவர் கட்டியிருந்த 10,000 ரூபாய் முன்வைப்பை அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: உண்மையில் எவ்வளவு நட்டம் என்று கணக்குக் காட்டு, காட்ட முடிந்த கணக்கைக் காட்டாமல் வைத்துக்கொள்ள முடியாது. நியாயமான அச்சாரம் என்றால் வைத்துக்கொள்ளலாம், பெரிய முன்பணத்தை அந்தப் பெயரில் அமுக்க முடியாது. உருளைக்கிழங்கு வழக்கு என்பதால் எங்கள் வகுப்பில் உருளைக்கிழங்கு விளையும் மேல்மலை மாணவர் ஒருவர் மட்டும் அன்று தூங்காமல் கேட்டார்.

நியாயமாகச் சொன்னால், எங்கள் ஆட்களும் முழு யோக்கியர்கள் இல்லை. ஒருவரிடம் அச்சாரம் வாங்கிக்கொண்டு, விலை ஏறியதும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு வண்டியில் ஏற்றி அனுப்பியவர்களை மண்டியில் இருந்தபோது நானே பார்த்திருக்கிறேன். வியாபாரி வந்து கத்திவிட்டு அச்சாரத்தை வாங்கிக்கொண்டு போவார். 73ஆம் பிரிவு அவருக்கும் உண்டு.

எங்கள் வீட்டிலும் போன பருவத்தில் வியாபாரி வரவில்லை. அது எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. நான் பிரிவு எண்ணெல்லாம் சொன்னேன். அப்பா, “எழுத்தா போட்டோம்? விடு பாப்பா” என்று முடித்துவிட்டார். வழக்குக்குப் போயிருந்தால் காட்ட ஒன்றுமில்லாமலா இருந்தது? அச்சாரம் ஜிபேயில் வந்த பதிவு அவர் போனிலேயே இருந்தது. அடுத்த வாரம் பறிக்க ஆள் அனுப்புகிறேன் என்று வாட்ஸப்பில் வியாபாரி அனுப்பிய குரல் செய்தி இருந்தது. பேசும்போது பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த அக்காக்கள் இருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதினியமும் மின்னணுப் பதிவுகளை ஆவணமாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்குரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வழக்குப் போட மூன்று வருடம் அவகாசமும் இருக்கிறது. அதனால் போனை மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற நாங்களேதான் வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடுகிறோம். இதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆனி, ஆடியில் கையில் காசு இருக்காது. உரத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மருத்துவமனைக்கு என்று வியாபாரியிடமே முன்பணம் வாங்குவோம். அவர் நிரப்பாத முத்திரைத்தாள் ஒன்றையும், ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோநோட்டு ஒன்றையும் நீட்டுவார். யாரும் படிக்க மாட்டார்கள், படிக்க அதில் ஒன்றும் இருக்காது. 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்த அன்று ராத்திரி ஊரில் யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஸ்டாம்பு தாங்கும் தொகை வரை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. நிரப்பிய தாளில் கையெழுத்துப் போட்டாலும் அதற்கு மாறாக வாயால் பேசியதை நீதிமன்றம் லேசில் கேட்காது. இங்கிலாந்தில் 1934இல் சிகரெட் விற்கும் இயந்திரம் வாங்கிய ஓர் ஓட்டல்கார அம்மாள், பழுப்புத் தாளில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இயந்திரம் ஓடவில்லை, வழக்கும் ஓடவில்லை. படித்தாயோ இல்லையோ, கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட்டாய் என்று தீர்ப்பு.

முன்பணம் கொடுத்தவருக்குத்தான், அவர் சொல்லும் விலைக்குத்தான் காய் என்பதும் இந்தத் தாளோடு ஒட்டிக்கொண்டே வரும். ஒருவர் இன்னொருவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, அதைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் அந்தச் சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பிரிவு நல்ல பிரிவுதான். ஆனால் நடைமுறையில் அந்த வியாபாரியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த ஆடிக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று அப்பா கேட்டால் என்னிடம் பிரிவு எண் எதுவும் இல்லை.

2019இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனியும் விவசாயியும் விதைக்கும் முன்பே விலை பேசி எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அது. காய்த்த மரத்தடியில் அண்ணாந்து பார்த்துப் பேசும் எங்கள் வியாபாரத்துக்கு அது எட்டாது.

எனவே நான் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம். வெற்று முத்திரைத்தாளைத் தூர வையுங்கள். பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தமிழில் எழுதுங்கள். மண்டிச் சீட்டில் நாங்கள் எழுதுவது போலச் சுருக்கமாக இருந்தால் போதும். இன்ன தேதியில், இன்னாருடைய தோட்டத்தில் ஓடைக்கு மேற்கே நிற்கும் இத்தனை பட்டர் ஃப்ரூட் மரங்களின் இந்தப் பருவத்துக் காய் முழுவதையும் இன்னார் இத்தனை ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். அச்சாரம் இத்தனை, மீதி முதல் பறிப்பு அன்று இத்தனை, கடைசிப் பறிப்பு அன்று இத்தனை. பறிகூலியும் சுமைகூலியும் இன்னாருடையது. இன்ன தேதிக்குள் பறிக்காவிட்டால் தோட்டக்காரர் வேறு ஆளுக்கு விற்றுக்கொள்ளலாம், விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தை எடுத்தவர் தர வேண்டும். ஆலங்கட்டி மழையோ சூறைக்காற்றோ அடித்தால் நட்டம் இன்னாருக்கு, காட்டுமாடு புகுந்தால் இன்னாருக்கு. கீழே இரண்டு பேர் கையெழுத்து, ஆளுக்கு ஒரு பிரதி. இரண்டாவது பிரதி எழுதச் சோம்பலாக இருந்தால் போனில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். ஆலங்கட்டி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மண்டிக்கு வரும் சண்டையில் பாதி அதனால்தான். பேசும்போது வானம் தெளிவாக இருப்பதால் இரண்டு பேருக்கும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

அப்படியும் வியாபாரி ஏமாற்றினால் 20,000 ரூபாய்க்காக வக்கீல் வைத்து வருடக்கணக்கில் நடக்க முடியுமா என்பார்கள். நியாயமான கேள்வி. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்கு முன்பே தகராறை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு அங்கே எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடும் கிடையாது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். எங்கள் பக்கம் பல தோட்டங்களின் பட்டா அம்மா, பாட்டி பெயரில்தான் இருக்கிறது. விலை பேச மட்டும் ஆண்கள் போகிறார்கள். நோட்டீஸ் அனுப்பும்போதாவது அம்மாவை முன்னால் நிறுத்தலாம்.

இதையெல்லாம் சொல்ல சட்ட விழிப்புணர்வு முகாம்கள் நடக்கத்தான் செய்கின்றன. வேலை நாளில், பகல் பதினொரு மணிக்கு, மண்டபத்தில் நாற்காலி போட்டு நடக்கின்றன. அந்த நேரத்தில் தோட்டக்காரர் தோட்டத்தில் இருப்பார். வந்திருப்பது பள்ளி மாணவர்களும் அலுவலகத்துக்காரர்களும்தான். புகைப்படம் எடுத்து முடித்ததும் தேநீர். அதிகாரிகளைக் குறை சொல்லி எழுதவில்லை, நேரத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றச் சொல்கிறேன். காய் பிடிக்கும் பருவத்தில், வியாபாரிகள் மலையேறுவதற்கு முந்தைய வாரங்களில், கூலி கொடுக்கும் நாள் மாலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, கே.சி.பட்டி கடைத்தெருக்களில் ஒரு மேசை போட்டால் போதும். திண்டுக்கல், மதுரை, தேனியில் சட்டம் படிக்கும் மலைப்பிள்ளைகள் நாங்கள் சிலர் சீட்டு எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். வழக்கறிஞர் ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தால் இன்னும் நல்லது, நாங்கள் முதலாண்டுதானே.

மேலே எழுதியிருக்கும் சீட்டின் மாதிரியை, பெயரும் தொகையும் எழுத இடம் விட்டு, வெட்டி எடுத்துக்கொள்ளும் அளவில் பருவத்துக்கு ஒரு முறை மாவட்டப் பக்கத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன். டீக்கடையில் உங்கள் நாளிதழை நாலு பேர் படிக்கிறார்கள் என்பதால், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடவும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். இந்த வருடத்துக் காய் இன்னும் விலை பேசவில்லை.

இப்படிக்கு,
சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவி,
தாண்டிக்குடி, கொடைக்கானல் வட்டம்.